புதுப்பிப்பு: அக்காவின் தைராய்டு கட்டி, வாய் வழியாகவே எடுத்தாயிற்று

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: அக்காவுக்குத் தைராய்டின் வலப்பக்கம் 3 செ.மீ. கட்டி, கழுத்தைக் கீறாமல் வாய் வழியாக எடுக்கலாம் என்கிறார்கள், நம்பலாமா என்று. சரி, எடுத்தாயிற்று. இன்று பன்னிரண்டாவது நாள்.

கீழுதட்டின் உள்பக்கம் மூன்று துளைகள். நடுவில் கேமரா, இரண்டு ஓரத்திலும் கருவிகள். முகவாய்க்குக் கீழே தோலுக்கடியில் வழி உண்டாக்கி, கார்பன் டை ஆக்சைடு செலுத்தி இடத்தை விரிக்கிறார்கள். 1996-இல் மிஷேல் காக்னே என்ற அறுவை மருத்துவர், தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பியில் முதன்முதலாக எண்டோஸ்கோப்பி (கேமராக் குழாய்) வைத்துச் செய்தபோது கழுத்திலேயேதான் துளையிட்டார். உதட்டுக்குள் மறைக்கும் முறையைப் பரவலாக்கியவர் பாங்காக்கின் அறுவை மருத்துவர் அங்கூன் அனுவாங். 2016-இல் தன் முதல் 60 பேரின் விவரத்தை வெளியிட்டார்.

சின்ன ஆபரேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். முழு மயக்கம்தான், குரல் நரம்புக்கான ஆபத்தும் உண்டு. அக்காவின் குரல் மூன்று நாள் கரகரத்தது, அப்புறம் தெளிந்துவிட்டது. முகவாய்தான் இன்னும் மரத்துக் கிடக்கிறது; காபி வழிந்தால்கூடத் தெரியவில்லையாம். சிலருக்கு இப்படி வருமாம், போகப்போகச் சரியாகுமாம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அதுதான் எனக்குக் கோபம்.

பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. அதைக் கேட்டதும் அக்கா கேட்டது, சங்கிலி எப்போது போடலாம் என்று.