இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட சிறுவனைக் கோடை விளையாட்டு முகாமுக்கு அனுப்பலாமா?

கேள்வி – பொருநைக்கரை (திருநெல்வேலி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு இப்போது 11 வயது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்னும் பிறவி இதயக் கோளாறுடன் பிறந்தவன். ஒரு வயது கடந்த சில மாதங்களில் சென்னையில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்து, ஓட்டையை அடைத்து, நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய பாதையை அகலப்படுத்தினார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்து வருகிறோம். நுரையீரல் வால்வில் சிறிது கசிவு இருக்கிறது என்றும் இப்போதைக்கு மாத்திரை எதுவும் தேவையில்லை என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஊர் மைதானத்தில் மே மாதம் கோடைகாலப் பயிற்சி முகாம் நடக்க இருக்கிறது. கால்பந்துப் பயிற்சியில் சேர வேண்டும் என்று மகன் மிகவும் ஆசைப்படுகிறான். பள்ளியில் உடற்கல்வி வகுப்பு வந்தாலே அவனை மரத்தடியில் உட்கார வைத்து மற்றவர்களின் புத்தகப் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்ச நாட்களாகவே தெருப் பிள்ளைகளுடன் விளையாடப் போவதையும் நிறுத்திவிட்டான். நெஞ்சில் உள்ள தழும்பு தெரியுமென்று ஆற்றில் குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கழற்ற மறுக்கிறான். அவன் உடம்பைவிட மனம்தான் எனக்கு அதிகக் கவலையைத் தருகிறது.

மருத்துவரிடம் கேட்டபோது, "விளையாடட்டும், ஆனால் ரொம்ப ஸ்ட்ரெயின் பண்ண வேண்டாம்" என்றார். 'ரொம்ப' என்பதற்கு எது அளவு என்று எனக்குத் தெரியவில்லை. சேர்க்கைப் படிவத்தில் இதய நோய் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. 'ஆம்' என்று எழுதினால் சேர்க்க மாட்டார்கள், எழுதாமல் விட்டுவிடு என்கிறார்கள் உறவினர்கள். என் மாமியாரோ முகாமே வேண்டாம் என்கிறார். இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் எனக்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 – நொய்யல் (கோயம்புத்தூர்)

சகோதரி, படிவத்தில் மறைக்கவே மறைக்காதீர்கள். என் மகளுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு இடையே இருந்த ஓட்டையை மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து மூடினார்கள். அவளை நீச்சல் வகுப்பில் சேர்த்தபோது எங்களுக்கும் இதே அறிவுரைதான் கிடைத்தது. மறைத்துச் சேர்த்தால், பிள்ளைக்கு நடுவில் மூச்சு வாங்கும்போது அது சோம்பேறித்தனம் என்று நினைத்து இன்னொரு சுற்று ஓடச் சொல்வார்கள். அவளும் உண்மையைச் சொல்ல முடியாமல் ஓடுவாள். அதைவிட ஆபத்தான நிலை வேறில்லை. நாங்கள் எழுதியே கொடுத்தோம். முதலில் கேட்ட இடத்தில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், அடுத்த இடத்தில் மருத்துவரின் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கடிதம் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி அமைகிறது.

பதில் 2 – இயன்முறை மருத்துவர் (சென்னை)

குழந்தைகளுக்கான இதயப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் மகனை நேரில் பரிசோதிக்காமல் அவன் ஆடலாம் என்றோ கூடாது என்றோ நான் சொல்வது முறையாகாது. ஆயினும் உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

'ஸ்ட்ரெயின் வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வகைச் சுமைகள் அடங்கியிருக்கின்றன. ஓட்டம், நீச்சல், சைக்கிள் போன்றவற்றில் தசைகள் மாறி மாறிச் சுருங்கி விரிகின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, இதயம் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. பளு தூக்குதல், மல்யுத்தம், கயிறு இழுத்தல் போன்றவற்றில் மூச்சை அடக்கிக்கொண்டு தசையை இறுக்கிப் பிடிக்கிறோம். அப்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. ஒரு குழந்தையின் இதயத்திற்கு முதல் வகை நன்றாகப் பொருந்தலாம், இரண்டாவது பொருந்தாமல் போகலாம். ஆகவே எந்த வகை, எவ்வளவு தீவிரம், போட்டியா பயிற்சியா, உடலோடு உடல் மோதும் ஆட்டம் கூடுமா என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அறுவை சிகிச்சை செய்த டெட்ராலஜி குழந்தைகளிடம் மருத்துவர் முக்கியமாகப் பார்ப்பவை, வால்வுக் கசிவினால் வலது கீழறை விரிந்திருக்கிறதா, பாதையில் அடைப்பு மிச்சம் இருக்கிறதா, துடிப்பின் ஒழுங்கு தவறுகிறதா என்பனவாகும். எக்கோ ஓய்வில் இருக்கும் இதயத்தைத்தான் காட்டும். ஓடும்போது துடிப்பு எவ்வளவு உயர்கிறது, ஒழுங்காக உயர்கிறதா, ஆக்சிஜன் அளவு குறைகிறதா என்பவற்றை அறிய டிரெட்மில் பரிசோதனை வேண்டும். 11 வயதுப் பிள்ளை அதைத் தாராளமாகச் செய்துவிடுவான். முகாமுக்கு முன் அது தேவையா என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். தேவைப்பட்டால், உடலில் சிறு கருவியைப் பொருத்தி இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் 24 மணி நேர ஹோல்டர் பதிவும் எடுப்பார்கள்.

மைதானத்தில் அளவு பார்க்க எளிய வழி பேச்சு. ஆடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வரவில்லையென்றால் கடுமையான உழைப்பு. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் குழந்தைகளுக்கு நாடித் துடிப்பை எண்ணுவதைவிட இதுவே நம்பத்தக்கது. நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஆட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும். காலை வழிபாட்டில் வெகுநேரம் நின்று மயங்கி விழுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது வேறு. பின்னதை ஒருபோதும் வெயில் மயக்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

இங்கே படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒன்று சொல்கிறேன்: ஒரு குழந்தைக்குக் கிடைத்த அனுமதி அடுத்த குழந்தைக்குச் செல்லாது. சிறிய ஓட்டை தானாக மூடிக்கொண்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் எந்தத் தடையும் இராது. மாறாக, வெளிப்பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாகத் தெரிந்தாலும், பிறவியிலேயே துடிப்பின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு நீச்சலே ஆபத்தாக முடியும்.

ஆனால் உட்கார வைத்தே வளர்ப்பதும் தீங்கில்லாத வழி அல்ல. 5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறவி இதயக் கோளாறு உள்ளவர்களிடம் தடைகளை மட்டும் பேசாமல், அவர்களை இயங்கும்படி ஊக்கப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க இதய சங்கம் 2013இலேயே அறிக்கை வெளியிட்டது. அசைவில்லாமல் வளரும் பிள்ளைக்கு எடை கூடுகிறது, தசை தளர்கிறது, சிறிது நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சிரைப்பைப் பார்த்துவிட்டு இதயம் கெட்டுவிட்டது என்று வீட்டார் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

குளிர்கால ஒலிம்பிக்கில் 2006, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்ற அமெரிக்கப் பனிச்சறுக்கு வீரர் ஷான் ஒயிட் இதே டெட்ராலஜியுடன் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டு முறை திறந்த இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். எல்லாக் குழந்தைகளும் அப்படி ஆகலாம் என்று சொல்ல மாட்டேன். தன்னைப் போன்ற ஒருவர் உலகில் இருக்கிறார் என்று உங்கள் மகனுக்குத் தெரியட்டும்.

பதில் 3 – வைகைவாசி (மதுரை)

தம்பி தங்கைகள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் பேரப்பிள்ளைகள் உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்: கத்திரி வெயிலில் கால்பந்து எதற்கு? சதுரங்கம், கேரம் போன்றவை இருக்கின்றனவே. ஒரு முறை போய்விட்ட உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்கள் மாமியாரின் பயத்தையும் புறந்தள்ள வேண்டாம், அம்மா.

பதில் 4 – உடற்கல்வி ஆசிரியர் (ஈரோடு)

ஐயா சொல்லும் வெயில் உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஒன்றுதான். மே மாத முகாமில் பிள்ளைகள் சுருண்டு விழுவதற்கு வெயிலும் தண்ணீர்க் குறைவுமே பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடியும் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடும் குழந்தையாக இருந்தால் எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஆயினும் சதுரங்கம் ஆடு என்று சொல்வதால் மட்டும் இந்தப் பையனின் குறை தீராது. அவன் கேட்பது ஓடியாடும் கூட்டத்தில் ஓர் இடம். எங்கள் பள்ளியில் இத்தகைய பிள்ளைகளை நான் பைக் காவலுக்கு வைப்பதில்லை. மற்றவர்களோடு நின்றே உடலைச் சூடாக்கும் பயிற்சிகளைச் செய்வார்கள்; பந்தைக் கடத்துதல், கட்டுப்படுத்துதல், கோலுக்கு அடித்தல் எல்லாம் கற்றுக்கொள்வார்கள்; ஆட்டத்தில் மற்றவர்களுக்கு 15 நிமிடம் என்றால் இவர்களுக்கு ஐந்து நிமிடம், பிறகு மாற்று ஆள். மாற்று ஆள் முறையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டால், யாருக்காக என்று எவரும் கேட்பதில்லை.

பயிற்சியாளரிடம் மூன்று செய்திகளில் வாக்குறுதி வாங்குங்கள், சகோதரி. உங்கள் மகன் கையைத் தூக்கினால் காரணம் கேட்காமல் உட்கார விட வேண்டும். தாமதமாக வந்ததற்கோ தவறுக்கோ தண்டனைச் சுற்று ஓடவிடக் கூடாது. ஓடி முடித்தவுடன் சட்டென்று நிற்க விடாமல் சில நிமிடம் நடக்க விட வேண்டும். முதல் வாரம் நீங்களே ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அது பையனை இன்னும் கூச வைக்கும்.

அவசர நேரத்தில் என்ன செய்வார்கள் என்பதையும் கேளுங்கள். பிள்ளை நினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லையென்றால், ஒருவர் உடனே 108ஐ அழைக்க வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில், அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் இருந்தால் இடையிடையே வாயில் ஊதி மூச்சும் கொடுக்க வேண்டும். 2021 ஜூனில் கோபன்ஹேகனில் நடந்த யூரோ கால்பந்து ஆட்டத்தின் நடுவே டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் மயங்கி விழுந்தபோது, மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்ததால்தான் அவர் பிழைத்தார். அவருக்கு இதய நோய் இருப்பதாக அதுவரை எதுவும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. எனவே இந்தப் பயிற்சி உங்கள் மகனுக்காக மட்டும் கேட்கும் சலுகை ஆகாது, முகாமில் உள்ள அத்தனை பிள்ளைகளுக்கும் வேண்டியது.

பதில் 5 – கெடிலம் (கடலூர்)

நான் பெற்றோர் அல்ல. அந்தக் குழந்தையின் இடத்தில் இருந்தவள். தொண்டைப் புண்ணில் தொடங்கிய வாதக் காய்ச்சலால் சிறு வயதிலேயே என் வால்வு பாதிக்கப்பட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டே பள்ளிக்குப் போனேன். பிறகு உலோக வால்வு பொருத்தினார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே கபடி கூடாது, இறகுப்பந்து ஆடலாம் என்று என் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். கபடி போனதற்காக நான் அழுதேன். ஆனால் கூடாது என்று சொன்னவரே கூடும் என்று ஒன்றையும் கையில் கொடுத்ததால் தாங்கிக்கொள்ள முடிந்தது.

உங்கள் மகனிடம் அவன் நோயைப் பற்றி நேரடியாகப் பேசுகிறீர்களா, அக்கா? என்னைப் பற்றிய பேச்செல்லாம் என் தலைக்கு மேலேயே நடந்தது. அதனால் உண்மையைவிடப் பெரிய பயத்தை நானே கற்பனை செய்துகொண்டேன். இதயத்தின் படத்தை வரைந்து, எங்கே ஓட்டை இருந்தது, எப்படி அடைத்தார்கள் என்று அவனுக்குக் காட்டுங்கள். தழும்பைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவனே ஒரு விடை தயாரித்து வைத்துக்கொள்ளட்டும். "சின்ன வயசுல ஆபரேஷன், இப்ப சரியாயிடுச்சு" என்பதுதான் என் விடை. அதற்கு மேல் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. அப்படியும் அவன் ஒதுங்கியே இருந்தால், மனநல ஆலோசகரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி – பொருநைக்கரை

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. படிவத்தில் உண்மையை எழுதுவது என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். மருத்துவமனையில் பேசினேன், டிரெட்மில் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள். கேட்க வேண்டிய நான்கையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று இரவு மகனோடு உட்கார்ந்து இதயத்தை வரைந்தோம். "அப்போ ஓட்டை இப்ப இல்லையா?" என்று கேட்டான். இத்தனை நாளும் ஓட்டை அப்படியே இருப்பதாகத்தான் நினைத்திருக்கிறான். மாமியாரும் மருத்துவமனைக்கு உடன் வருகிறேன் என்கிறார்.

ஒரே ஒரு ஐயம்: பரிசோதனை முடிவு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும் போலிருக்கிறது. முன்பே பணம் கட்டிவிடலாமா?

இயன்முறை மருத்துவர் (சென்னை)

இடம் போய்விடாமலிருக்கக் கட்டிவையுங்கள். ஆனால் மருத்துவர் கடிதம் கொடுத்த பிறகே மகன் வருவான் என்று இப்போதே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆடக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பரிசோதனைக்கு வரும்போது தளர்வான உடையும் ஓடும் காலணியும் அணிந்து வரட்டும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். பாட்டி உடன் வருவது மிகவும் நல்லது. பேரன் ஓடும்போது அவரையும் அறைக்குள் அனுமதிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.