'வெல்கம்' என்ற ஒரு சொல்: இத்தாலியனில் அது உங்களை எங்கே கவிழ்த்தது?

பாதிமொழி
மூன்று வருஷமாகியும் மனசை விட்டுப் போகாததால் எழுதுகிறேன். தெற்கு இத்தாலியில் இருக்கும் மத்தேரா ஊரில் குகை வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஓர் அம்மாவுக்காக ஆங்கிலப் பக்கத்தை இத்தாலியனில் மாற்றிக் கொடுத்தேன். "ஹோஸ்ட் வாசலில் நின்று கெஸ்ட்டை வரவேற்பார், காலையில் காபி தருவார்" என்கிற மாதிரி வாக்கியம். இரண்டுக்கும் 'ஓஸ்பித்தே' போட்டேன். தெரிந்ததுதானே, வருகிறவரும் ஓஸ்பித்தே, வரவேற்கிறவரும் ஓஸ்பித்தே, லத்தீன் காலத்திலிருந்தே அப்படி. அகராதியும் ரெண்டு பொருளையும் கொடுக்கிறது. அனுப்பிய அன்றைக்கே அந்த அம்மா போன் செய்தார். பின்னால் காபி போடும் மோக்கா பாத்திரம் கொதிக்கிற சத்தம். "எல்லாம் சரி, என் வீட்டில் காபி போடுவது யார்? வந்தவங்களேவா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. 'பத்ரோனா தி காஸா' என்று மாற்றினேன், வீட்டுச் சொந்தக்காரி. அது வாடகை கேட்டு வருகிறவள் மாதிரி இருக்கிறது என்றார். கடைசியில் வெறுமனே 'நாங்கள்' என்று போட்டு முடித்தோம்.

ரயிலடி
என்னுடையது சின்னது. பதுவாவில் ஒரு பார், வந்து ரெண்டாவது வாரம். ஒரு தாத்தா கீழே போட்ட சில்லறையை எடுத்துக் கொடுத்தேன். 'கிராட்ஸியே', அதாவது நன்றி, என்றார். ஆங்கிலத்தில் 'யு ஆர் வெல்கம்' என்போமே, அதை அப்படியே 'பென்வெனூத்தோ' ஆக்கிச் சொன்னேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். யாரோ உள்ளே வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வாசலில் யாருமே இல்லை. அப்புறம் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். நன்றிக்குப் பதிலாகச் சொல்ல 'ப்ரேகோ' என்று ஒரு சொல் இருப்பது அன்றைக்கு ராத்திரிதான் தெரிந்தது.

இலக்கணப்புலி
பாதிமொழி, அகராதிமேல் பழி போடாதீர்கள். திங்கட்கிழமைப் பத்திரிகையில் கால்பந்துப் பக்கத்தைப் படித்திருந்தாலே போதும். 'ஸ்க்வாத்ரா ஓஸ்பித்தே' என்றால் வெளியூரிலிருந்து வந்த அணி, சொந்த மைதானத்து அணி 'பத்ரோனி தி காஸா'. நடைமுறையில் ஓஸ்பித்தே என்றால் வருகிறவர்தான் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

என் கதை: பொலோன்யா விமான நிலையத்தில் ஒன்பது பெண்களை அழைத்துவர 'பென்வெனூத்தி' என்று அட்டை எழுதிக்கொண்டு நின்றேன். முதலில் வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆண்கள் யாரும் எங்களோடு வரவில்லையே" என்றார். அவ்வளவுதான். அதனால் யாராவது செயலிக்கோ விடுதிக்கோ எழுதுகிறீர்கள் என்றால் கேளுங்கள்: தனி ஆண் என்றால் கடைசியில் ஓ, தனிப் பெண் என்றால் ஆ, பெண்கள் கூட்டம் என்றால் ஏ, கூட்டத்தில் ஓர் ஆண் இருந்தாலும் ஈ. ஆங்கிலத்தில் ஒரே 'வெல்கம்', இங்கே நாலு. வருகிறவர் யாரென்று தெரியாவிட்டால் 'தி தியாமோ இல் பென்வெனூத்தோ' என்று போடுங்கள். அதாவது 'உனக்கு வரவேற்பு தருகிறோம்'. அங்கே அது பெயர்ச்சொல், ஆளைப் பார்த்து மாறாது. மரியாதையாக வேண்டுமென்றால் 'தி'க்குப் பதில் 'லே'. 'வெல்கம் பேக்' வந்தால் 'பென்தொர்னாத்தோ', அதற்கும் இதே தலைவலி. 'கிச்சனை யூஸ் பண்ண யு ஆர் வெல்கம்' என்று வந்தால் பென்வெனூத்தோவைத் தொடவே தொடாதீர்கள், 'சமையலறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்' என்கிற மாதிரி எழுதுங்கள்.

பாதிமொழி
நான் கேட்டது உங்கள் அனுபவத்தை, பாடத்தை இல்லை :)

மணல்வீதி
பலெர்மோவில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு இது விளங்கும். ஊரிலிருந்து மாமா வந்து நின்றார், ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். வெளிநாட்டு ஆள் ஒருவரை வீட்டில் தங்க வைத்தால் 48 மணி நேரத்துக்குள் பொலிஸில் எழுதிக் கொடுக்க வேண்டும், 1998ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு. அந்தப் படிவத்தின் பெயரே 'ஓஸ்பிதலிதா' அறிவித்தல். அம்மாவுக்கு 'விருந்தோம்பல் படிவம்' என்று மொழிபெயர்த்துச் சொன்னேன். "என்ன கறி சமைச்சனாங்கள் எண்டும் எழுத வேணுமோ?" என்று கேட்டார். அது பரவாயில்லை. க்வெஸ்தூராவில், அதுதான் பொலிஸ் தலைமையகத்தில், ஜன்னலடியில் வேலை எல்லாம் முடிந்து வெளிக்கிடும்போது மாமா நின்று, கை கூப்பி, "தாங்க் யு ஃபார் யுவர் ஹாஸ்பிடாலிட்டி" என்றார். உள்ளே இருந்தவருக்கு ஒரு சொல்தான் காதில் விழுந்திருக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். மாமா அதற்கும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

தேம்ஸ்கரை
சிரிப்பாகப் போகிற இடத்தில் இதை எழுதலாமா தெரியவில்லை. நான் இத்தாலியில் வளர்ந்து லண்டன் வந்தவள், மருத்துவமனைகளில் மொழிபெயர்க்கிறேன். தெற்கு இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த ஓர் அம்மா, புற்றுநோய், பக்கத்தில் மகள். டாக்டர் மெதுவாக, ரொம்பப் பக்குவமாக, 'ஹாஸ்பிஸ்' பற்றிப் பேசினார், கடைசிக் கட்ட நோயாளிகளை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். நான் யோசிக்காமல் 'ஓஸ்பிட்ஸியோ' என்றேன். அந்தச் சொல் அங்கே கவனிக்க ஆளில்லாத கிழவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடம். மகள் அதுவரை அம்மாவின் போர்வை ஓரத்தை மடித்து மடித்துச் சரிசெய்துகொண்டே இருந்தாள். கை அப்படியே நின்றது. "நான் அவளைக் கொண்டுபோய்த் தள்ளுவதற்கா வந்தேன்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள், டாக்டரை இல்லை. இத்தாலியில் இதற்கு ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டு, 'ஹ' போட மாட்டார்கள் என்பதால் 'ஓஸ்பிஸ்' என்பார்கள். எனக்கு அது தெரியும். வாயில் வந்தது மற்றது. திருத்திச் சொல்வதற்குள் டாக்டர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார், அவரை நிறுத்தி விளக்க வேண்டியதாயிற்று.

இலக்கணப்புலி
ரெண்டுக்கும் மூலம் 'ஹோஸ்பிட்டியும்' என்ற ஒரே லத்தீன் சொல்தான். விருந்தோம்பல், தங்குமிடம் என்று பொருள்.

தேம்ஸ்கரை
தெரியும். அதை அந்த மகளிடம் சொல்லியிருக்கணுமா? இப்போதெல்லாம் உள்ளே போவதற்கு முன் நடைபாதையிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுகிறேன்: இடத்தின் பெயரைச் சொல்லவா, அங்கே என்ன செய்வார்கள் என்று சொல்லவா? பாதிப் பேர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.