14 நாள் தாங்கும் ஊசி போட்டும் 5ஆம் நாளே பூனைக்கு வீக்கம் திரும்பிவிட்டது, ஏன்?

மியாவ்அம்மா:
என் பூனைக்கு 6 வயது, எடை 4.2 கிலோ. சண்டையில் வாலடியில் கடி வாங்கி வந்தது. டாக்டர் செஃபோவெசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று போட்டு, “14 நாளைக்குக் கவலையில்லை, மாத்திரை வேண்டாம்” என்றார். எனக்கு உயிரே வந்தது. மாத்திரை கொடுக்கப்போய் கையெல்லாம் கீறல் வாங்கினவள் நான். ஆனால் 5ஆம் நாள் அதே இடம் மறுபடி வீங்கிச் சூடாக இருக்கிறது. அளவு குறைந்துவிட்டதா? இன்னொரு ஊசி கேட்கலாமா?

நாலுகால் டாக்டர்:
அளவைப் பார்ப்போம். கிலோவுக்கு 8 மி.கி. கரைத்த மருந்தில் மில்லிக்கு 80 மி.கி. இருக்கும். உங்கள் பூனைக்கு 0.42 மில்லி. கொஞ்சமாகத்தான் தெரியும், அதற்காக ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

மருந்து இன்னும் உடம்பில்தான் இருக்கிறது. பூனையின் ரத்தத்தில் இது 99 சதவீதத்துக்கு மேல் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாதி வெளியேறவே ஏறக்குறைய 7 நாள் ஆகும். நாய்க்கு ஐந்தரை நாள். அந்த 14 நாளும் மருந்தோடு வரும் ஐரோப்பிய விளக்கச் சீட்டின் கணக்கு. பூனைக் கடியில் வழக்கமாக வரும் பாஸ்டுரெல்லா கிருமிக்கு அமெரிக்கச் சீட்டு சுமார் 7 நாள்தான் சொல்கிறது.

எப்படிக் கணக்குப் போட்டாலும் 5 நாளில் தீர்ந்திருக்காது. என் சந்தேகம் உள்ளே தேங்கிய சீழ்மேல்தான். பூனையின் பல் ஊசி மாதிரி, மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். சீழ்க்குள் ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து அங்கே சரியாகப் போய்ச்சேராது. திறந்து கழுவிவிட வேண்டும். இன்றே கூட்டிப்போங்கள், வீட்டில் பிதுக்காதீர்கள். சீழில் கொஞ்சம் கல்ச்சர் சோதனைக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க, அனுப்பச் சொல்லுங்கள். சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் மாதிரிக் கிருமி இருந்தால் இந்த ஊசி எத்தனை போட்டாலும் பிரயோஜனமில்லை.

மாத்திரைப்போர்:
ஒரே ஊசியில் வேலை முடியுமென்றால் எல்லாவற்றுக்கும் இதையே போடலாமே டாக்டர்? என் பூனை அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரையை 3 தடவை துப்பி, 4ஆவது தடவை என்மேலேயே வாந்தி எடுத்தது.

நாலுகால் டாக்டர்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். துப்பாத பூனைக்கு நான் மாத்திரைதான் எழுதுவேன். இந்த ஊசி மருந்து மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக், மனிதர்களுக்குக் காப்பாற்றி வைக்கவேண்டிய வகை. இன்னொன்று, மாத்திரையில் ஒவ்வாமை வந்தால் அடுத்த வேளை நிறுத்தலாம். ஊசியை உள்ளே செலுத்தியபின் திரும்ப எடுக்க வழியில்லை, முழுக்க வெளியேற 65 நாள்வரை ஆகலாம். பென்சிலின் ஒவ்வாத பிராணி என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் கூடவே கூடாது.

மியாவ்அம்மா:
போய் வந்தோம். மயக்கம் கொடுத்துத் திறந்தார்கள், நாற்றம் தாங்கவில்லை. உள்ளே உடைந்த பல் நுனி ஒன்று இருந்தது, எங்கள் வீட்டுப் பூனையுடையது இல்லை. புது ஊசி போடவில்லை. கல்ச்சர் முடிவு வந்ததும் எழுதுகிறேன். இப்போது கழுத்தில் கூம்பு மாட்டிக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறான்.