எல்ம் மரத்தில் 100 பவுண்டு வைக்கிங் வில்: ஹேடபி அளவை அப்படியே எடுக்கலாமா?

கேள்வி (நாண்கயிறு):
விச் எல்ம் கட்டை ஒன்று இருக்கிறது. நீளம் 2 மீட்டர், விட்டம் 16 செ.மீ., கணு குறைவு. நடுவில் பிளந்து, இரு முனைகளிலும் ஃபெவிகால் பூசி வைத்திருக்கிறேன். பட்டை இன்னும் உரிக்கவில்லை. 28 அங்குலம் இழுக்கும்போது 100 பவுண்டு விசை வேண்டும். ஹேடபி (வைக்கிங் காலத் துறைமுக நகரம்) வில்லின் அளவும் குறுக்குவெட்டும் எல்முக்குப் பொருந்துமா?

வைரக்கட்டை:
நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், குறுக்குவெட்டை எடுக்காதீர்கள். ஹேடபி துறைமுகத்தில் கிடைத்த அந்த வில் யூ என்ற ஊசியிலை மரம், நீளம் சுமார் 190 செ.மீ. யூவின் வைரம் (நடுமரம்) அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். அதனால்தான் வில்லின் வயிற்றுப்பக்கம் (வில்லாளியைப் பார்க்கும் பக்கம்) உருண்டு, தடிமனாக இருந்தும் சேதமில்லை. எல்ம் இழுவிசையில் கெட்டி, அமுக்கத்தில் அந்த அளவுக்குக் கிடையாது. அதே உருண்டை வயிற்றை இதில் செதுக்கினால், நடுமுகட்டில் இருக்கும் ஒடுங்கிய கீற்றே மொத்த அமுக்கத்தையும் வாங்கி நசுங்கும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் 1944-ல் எடுத்த கற்கால எல்ம் வில்களைப் பாருங்கள்: அகலம், தட்டை. மரத்தின் குணம் தெரிந்து செய்த வேலை அது.

உங்கள் வில்லுக்கு 188 செ.மீ. நீளம், பிடியில் 42 மி.மீ. அகலம். அந்த அகலம் வில்லின் கையில் (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி) பாதித் தூரம் வரை ஏறக்குறைய அப்படியே போகட்டும், பிறகு முனையில் 14-க்கு ஒடுங்கட்டும். நடுக்கனம் 34-ல் தொடங்கலாம். வயிறு தட்டை, ஓரங்கள் மட்டும் மழுங்கல். முதுகு (இலக்கைப் பார்க்கும் பக்கம்), பட்டைக்கு அடியில் இருக்கும் முதல் ஆண்டுவளையமேதான். அதில் அரம் படக்கூடாது. வெளிறை (பட்டையை ஒட்டிய வெளிர்மரம்) நீக்க வேண்டியதில்லை.

பிளந்த கட்டையை அப்படியே காயவிட வேண்டாம். 5 மி.மீ. மிச்சம் வைத்து உருவம் செதுக்கி, முறுக்கிக்கொள்ளாமல் நேரான பலகையோடு கட்டுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகே வளைக்க வேண்டும். ஈரம் 9–10 சதவீதம் நல்லது. அதிகமிருந்தால் நாண் அவிழ்த்த பிறகும் வளைவு நிற்கும், ரொம்பக் காய்ந்தால் முறியும்.

இழைப்புளி:
டில்லர் செய்யும்போது (இரு கைகளும் சமமாக வளையும்படி சீவும்போது) ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதம், கனத்திலோ மும்மடி (கனம் × கனம் × கனம்). கனத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் அங்கே விறைப்பு 27 சதவீதம் போய்விடும். ஆகவே 90 பவுண்டு தாண்டியதும் அரத்தை வைத்துவிட்டுச் சுரண்டி மட்டும் பிடியுங்கள்.

நீள நாணில் (வில்லை வளைக்காமல் மாட்டும் தளர்ந்த நாண்) வெகுதூரம் இழுக்காதீர்கள், வளைவு உள்ளதைவிடச் சரியாகத் தெரிந்து ஏமாற்றும். இரு கைகளும் சமமாக 12 செ.மீ. வளைந்ததும் வில்லை வளைத்து மாட்டும் குட்டை நாணுக்கு மாறி, முதலில் பிடிக்கும் நாணுக்கும் இடையே 8 செ.மீ. வரும் உயரத்துக்கு (நாணுயரம்) மட்டும் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறை சீவிய பின்பும் 30 தடவை மெதுவாக இழுத்து விட்டால்தான் சீவியதன் பலன் வளைவில் தெரியும். எந்தக் கட்டத்திலும் தராசில் 100 பவுண்டைத் தாண்ட வேண்டாம், இழுப்பு 15 அங்குலமே வந்திருந்தாலும் சரி.

வயிற்றில் குறுக்காக மயிரிழைக் கோடு தெரிந்தால் நிறுத்துங்கள். அது அமுக்க முறிவு. அந்த இடத்தில் இன்னும் சீவினால் மேலும் மோசமாகும். அதற்கு இருபுறமும் சீவிப் பாரத்தைப் பரப்ப வேண்டும்.

நாண்கயிறு:
நன்றி. வயிற்றுப்பக்கம் ஹீட் கன் காட்டுவது எல்முக்குப் பலன் தருமா?

வைரக்கட்டை:
நிச்சயம் தரும், அமுக்கம் தாங்கும் திறன் கூடும். நன்கு காய்ந்த மரத்தில் மட்டும், குறைந்த நாணுயரத்தில் வளைவு சமமான பிறகு செய்யுங்கள். கன்னை 8–10 செ.மீ. தள்ளிப் பிடித்து, வெளிர் காபி நிறம் வரும்வரை மெதுவாக நகருங்கள். முதுகில் சூடு தெரிந்தால் கன்னைத் தள்ளுங்கள். சூடு ஈரத்தை விரட்டிவிடும், எனவே ஒரு வாரம் வீட்டுக் காற்றில் கிடக்க வேண்டும். அதற்குள் இழுத்தால் முதுகு வெடிக்கும்.

இழைப்புளி:
நாணுக்கு டாக்ரான் பி-50 (பாலியஸ்டர் நாண்நூல்), 16 இழை. நாண்வெட்டு (முனையில் நாணை மாட்டும் பள்ளம்) பக்கவாட்டில் போதும், முதுகின் இழையை வெட்டாதீர்கள். அம்பு 65 கிராமுக்குக் குறையக் கூடாது. அம்பில்லாமல் நாணை விடவே விடாதீர்கள்.