பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்க மார்பு மட்டும் வீங்கியிருக்கிறது: இம்ப்ளாண்டில் கோளாறா?

நிலாமுற்றம் (பாரிஸ்):

அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம். இரண்டு பிள்ளைகளுக்கும் பாலூட்டி முடித்தபின், 2012இல் இங்கே பாரிஸ் புறநகரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். சிலிக்கோன் ஜெல் நிரப்பிய, மேற்பரப்பு சொரசொரப்பான வகை இம்ப்ளாண்ட் என்று அப்போது விளக்கினார்கள். இத்தனை காலமும் எந்தத் தொந்தரவும் இல்லாததால், ஆண்டுதோறும் மருத்துவரிடம் காட்டும் வழக்கம் மெல்ல விட்டுப்போயிற்று.

அண்மையில் ஒரு திருமணத்துக்குப் புறப்படும்போது, போன வருடம் தைத்த ரவிக்கையின் இடப்பக்கம் மட்டும் இறுகிப் பிடித்தது. கொக்கியை மாட்டவே முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் இடது மார்பு வலதைவிடத் தெளிவாகப் பெருத்திருக்கிறது. அழுத்தினால் உள்ளே நீர் தளும்புவதை உணர முடிகிறது. வலியோ காய்ச்சலோ தோல் சிவப்போ இல்லை. குடும்ப வைத்தியர் சுளுக்காக இருக்கலாம் என்று வலிமாத்திரை எழுதித் தந்தார், வீக்கம் குறையவில்லை. கணவரைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் இந்தச் சிகிச்சை பற்றித் தெரியாது. பிள்ளைகளின் கோடை விடுமுறை முடியும்வரை பொறுத்திருக்கலாமா? இம்ப்ளாண்ட் கிழிந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது?

செவ்வந்தி (லண்டன்):

அன்புச் சகோதரி, நான் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பணியாற்றுகிறேன். விடுமுறை முடியும்வரை பொறுத்திருக்க வேண்டாம் என்பதையே முதலில் சொல்கிறேன். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலையன்று. ஆனால் இந்த வாரமே மார்பகச் சிறப்பு மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கும் மேலான பின், அடிபடாமலும் காய்ச்சல் இல்லாமலும் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், இம்ப்ளாண்டைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கிருமித் தொற்று, உராய்வு, உள் இரத்தக்கசிவு, இம்ப்ளாண்ட் கிழிவு என இதற்குப் பல காரணங்கள் உண்டு. பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருந்தாலும், சொரசொரப்பான இம்ப்ளாண்ட் வைத்தவர்களிடம் அரிதாகத் தோன்றும் ஒருவகை நிணநீர்ப் புற்று, பெரும்பாலும் இதே உருவில்தான், அதுவும் சராசரியாக எட்டுப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டுகிறது. அது பால் சுரக்கும் திசுவில் வரும் மார்பகப் புற்று அன்று. இம்ப்ளாண்டைச் சுற்றி உடலே உருவாக்கிக்கொள்ளும் தழும்பு உறையிலும், அதனுள் தேங்கும் நீரிலும் வருவது. அதனால் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், அதை முடிவான பதிலாக ஏற்க வேண்டாம்.

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். நீர் இருந்தால் ஊசி மூலம் அதை எடுத்து, உயிரணுப் பரிசோதனையுடன், அந்தப் புற்றின் உயிரணுக்களைக் காட்டிக்கொடுக்கும் சி.டி.30 என்ற புரதக் குறியீட்டுக்கான சோதனைக்கும் அனுப்ப வேண்டும். இதை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். வீக்கம் வடியட்டும் என்று நீரை எடுத்துக் கொட்டிவிட்டால், சோதிக்க வேண்டிய பொருளே கையை விட்டுப் போய்விடும். மறுபடி நீர் சேரும்வரை காத்திருக்க நேரும். ஒருவேளை அந்தப் புற்றாகவே இருந்தாலும், அது உறைக்குள் அடங்கியிருக்கும் கட்டத்தில் இம்ப்ளாண்டையும் உறையையும் முழுமையாக அகற்றினால், பெரும்பாலோர் குணமடைந்துவிடுகிறார்கள். நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

மருதாணி (லியோன்):

தங்கச்சி, செவ்வந்தி அக்கா சொன்னதை அப்படியே செய்யுங்கள். கிழிவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது எனக்கு நேர்ந்ததால் எழுதுகிறேன்.

உப்புநீர் நிரப்பிய இம்ப்ளாண்ட் கிழிந்தால் சில நாட்களிலேயே மார்பு சுருங்கிவிடும். யாருக்கும் ஐயம் எழாது. சிலிக்கோன் ஜெல் அப்படி அல்ல. ஜெல் அந்தத் தழும்பு உறைக்குள்ளேயே தங்கிவிடுவதால் வெளித் தோற்றம் மாறாமலே இருக்கக்கூடும். எனக்கு முதலில் தெரிந்தது கிழிவு அன்று, இறுக்கம். வலது மார்பு மெல்ல மெல்லக் கெட்டியாகி, சற்றே மேலேறி, குப்புறப் படுத்தால் அழுந்தாமல் துருத்திக்கொண்டு நின்றது. உறை சுருங்கி இம்ப்ளாண்டை நெருக்குவதால் வரும் கோளாறு அது. அதை நான்கு நிலைகளாகப் பிரிப்பார்கள். பார்வைக்கே வடிவம் மாறியிருந்தால் மூன்றாம் நிலை, அதோடு வலியும் சேர்ந்தால் நான்காம் நிலை. அதற்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில்தான் கிழிவும் தெரிந்தது: கிழிந்த மேலோடு ஜெல்லுக்குள் இடியாப்ப இழைகளாக மடிந்து கிடந்ததை மருத்துவர் திரையில் விரல் வைத்துக் காட்டினார். ஜெல் உறையைத் தாண்டி வெளியேறியிருந்தால் அக்குளில் கட்டி தட்டுப்படவும் கூடும். அங்கேயும் தடவிப் பாருங்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ., அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், சிலிக்கோன் இம்ப்ளாண்ட் வைத்த ஐந்து ஆறு ஆண்டுகளில் ஒரு முறையும், பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்கிறது. வாழ்நாள் முழுவதும் நிலைக்கும் பொருள் என்று எண்ணி யாரும் இதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று: இம்ப்ளாண்ட் அட்டையைத் தேடி எடுங்கள். தயாரிப்பாளர், வரிசை எண், மேற்பரப்பின் வகை எல்லாம் அதில் இருக்கும். தொழிற்சாலைத் தர சிலிக்கோனை இம்ப்ளாண்டுகளில் நிரப்பி விற்ற பிஐபி நிறுவனத்தின் மோசடி 2010இல் வெளிப்பட்டு, மறுஆண்டு டிசம்பரில் இந்நாட்டில் மட்டும் சுமார் 30,000 பெண்களிடம் அந்த இம்ப்ளாண்டுகளை அகற்றிக்கொள்ளுமாறு அரசு அறிவுறுத்தியபோது, தன் உடலுக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்றே தெரியாமல் எத்தனையோ பெண்கள் தவித்தார்கள். அட்டை தொலைந்திருந்தால், சிகிச்சை செய்த இடத்தில் உங்கள் கோப்பின் நகலைக் கேளுங்கள். அதைப் பெறுவது உங்கள் உரிமை.

நிலாமுற்றம்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கேன் எடுத்துவிட்டேன். இடப்பக்கம் நீர் கோத்திருப்பது உண்மைதான். கிழிவு எதுவும் தெரியவில்லை என்றார்கள். சி.டி.30 என்று நான் சொன்னதும் அந்த மருத்துவர் தலையசைத்து, அதற்குத்தான் அனுப்பப்போகிறேன் என்றார். நீரை எடுத்து அனுப்பியாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை. அட்டையும் பழைய கடவுச்சீட்டோடு கிடைத்தது. 2019 ஏப்ரலில் பிரான்ஸ் தடை செய்த, மிகுந்த சொரசொரப்புள்ள வகைகளில் என்னுடையதும் அடங்குமாம். அப்படியென்றால் எந்தத் தொந்தரவும் தராத வலப்பக்கத்தையும் இப்போதே எடுத்துவிட வேண்டுமா?

செவ்வந்தி:

சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள். தடை என்பது புதிதாக வைக்கக் கூடாது என்பதற்காக. அறிகுறி இல்லாதவர்கள் முன்னெச்சரிக்கையாக அகற்ற வேண்டும் என்று பிரான்ஸும் சொல்லவில்லை, எஃப்.டி.ஏ.யும் சொல்லவில்லை. அகற்றுவதும் மயக்க மருந்தும் கத்தியும் சேர்ந்த அறுவைச் சிகிச்சையே. ஆனால் உங்கள் நிலை அறிகுறி இல்லாதவர்களின் நிலை அன்று. இடப்பக்க முடிவு புற்று என்று வந்தால், இரு பக்கமும் எடுப்பதையே பெரும்பாலும் பரிந்துரைப்பார்கள். இல்லை என்று வந்தாலும், நீர் ஏன் கோத்தது என்ற கேள்விக்கு விடை காணாமல் கோப்பை மூட விடாதீர்கள். மீண்டும் சேர்ந்தால் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும் நாளில் கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை இருவராகக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. வலப்பக்கத்தைப் பற்றிய கேள்வியை அப்போது கேளுங்கள்.