பாரிஸில் 6 வார பிரெஞ்சு வகுப்பு: தங்குமிடம், நவிகோ (மெட்ரோ, பஸ் பயண) பாஸ் பற்றி உதவி தேவை

வணக்கம். பாரிஸில் இருப்பவர்கள், படித்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

கல்லூரி மாணவிக்கு ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 14 வரை வகுப்பு. 90 நாளுக்குள் என்பதால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கான பொது) குறுகிய கால விசா போதும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் எடுத்தாயிற்று. சிக்கல் தங்குமிடத்தில்தான். விடுதி அறை 6ஆம் தேதிதான் கிடைக்கும், விமானமோ 4ஆம் தேதி சனிக்கிழமை இறங்குகிறது. விசாவுக்கு எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்று காட்ட வேண்டுமே! அந்த 2 இரவுக்குத் தனியாகப் பெண் தங்க, ரத்து செய்யக்கூடிய, பாதுகாப்பான ஹாஸ்டல் எது?

அடுத்து நவிகோ. வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரை, மாதப் பாஸ் 1ஆம் தேதியிலிருந்து. வாங்கும் நாளிலிருந்து கணக்கில்லை. சனிக்கிழமை இறங்குபவர் வாரப் பாஸ் வாங்கினால் திங்கள் முதல்தான் செல்லும். ஜூலைக்கு மாதப் பாஸ், ஆகஸ்டுக்கு 2 வாரப் பாஸ் சரிவருமா? ஆகஸ்டில் பாதிக் கடைகள் விடுமுறையில் மூடிவிடுமாம். மலிவாகச் சாப்பிட எங்கே போகலாம்?