டீமக்ஸ் உள்ளே போக்கிமான் படத்தின் நிறம் மங்குகிறது, இடையிடையே கோடும் விழுகிறது: உதவி தேவை

காரைதீவு மாணவி:
வணக்கம். கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒரு போக்கிமானின் உருவத்தை வண்ணத்தில் காட்டுகின்ற போக்கிமான்-கலர்ஸ்கிரிப்ட்ஸ் என்ற கட்டளைவரிக் கருவியை, உபுண்டு 22.04 உள்ள எனது பழைய மடிக்கணினியில் நிறுவியிருக்கிறேன். உபுண்டுவின் சொந்த முனையத்தில் படம் மிக அழகாக வருகிறது. ஆனால் அங்கே, ஒரே முனையத்துக்குள் பல அமர்வுகளை நடத்தும் டீமக்ஸ் என்ற நிரலைத் தொடங்கிவிட்டு அதே கட்டளையைக் கொடுத்தால், சாரிசார்ட் என்ற போக்கிமானின் செம்மஞ்சள் உடலில் இருக்கும் நிழல்கள் ஒன்றோடொன்று கலந்து, சாயம் போன துணிபோல் தெரிகின்றன. வி.எஸ். கோட் என்ற நிரல் எழுதும் செயலிக்குள் இருக்கும் முனையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: டீமக்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் படத்தின் குறுக்கே ஒவ்வொரு வரிக்கும் ஒரு மெல்லிய கோடு விழுகிறது. கருவியை இரண்டு தடவை நீக்கி மீண்டும் நிறுவியும் மாற்றமில்லை.

பாசிக்குடா அலை:
எழுத்துருதான் காரணமாக இருக்கும். கூடுதல் குறிகள் கொண்ட நெர்ட் எழுத்துரு ஒன்றை நிறுவிப் பாருங்கள்.

காரைதீவு மாணவி:
நிறுவிப் பார்த்தேன். எழுத்துகளின் வடிவம் மாறியதே தவிர, நிறமும் கோடும் அப்படியே இருக்கின்றன.

கல்லடி வாசி:
தங்கச்சி, எழுத்துரு இல்லாவிட்டால் வெற்றுப் பெட்டிகள் தெரிந்திருக்கும், நிறம் மங்காது. இந்தக் கருவி படக் கோப்பு எதையும் திறப்பதில்லை. ஒரு எழுத்துக் கட்டத்தின் மேற்பாதியை மட்டும் நிரப்புகின்ற யூனிகோட் குறியை அச்சிட்டு, அதன் எழுத்து நிறத்தை மேல் புள்ளிக்கும் பின்னணி நிறத்தைக் கீழ்ப் புள்ளிக்கும் கொடுக்கிறது. முனையத்தின் கட்டம் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரமானது என்பதால், ஒவ்வொரு பாதியும் சதுரப் புள்ளியாக அமைந்துவிடுகிறது. நிறங்கள் 24 பிட் முறையில், அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரையான எண்ணாக, விடுபடு தொடருக்குள் (முனையத்துக்கு ஆணை சொல்லும் குறித்தொடர்) எழுதி அனுப்பப்படுகின்றன.

நடுவில் நிற்கும் டீமக்ஸ் அந்தத் தொடரை அப்படியே கடத்துவதில்லை. தானே வாசித்துத் திரையை நினைவில் வைத்துக்கொண்டு, வெளி முனையத்துக்குப் புதிதாக எழுதுகிறது. வெளி முனையம் 24 பிட் நிறத்தை ஏற்கும் என்று அதற்குத் தெரியாவிட்டால், ஒவ்வொரு நிறத்தையும் 256 நிறப் பட்டியலில் அருகிலுள்ள ஒன்றுக்கு மாற்றிவிடும். அந்தப் பட்டியலின் நிறக் கனசதுரத்தில் ஒரு நிறத்துக்கு ஆறு படிகள் மட்டுமே உண்டு. சாரிசார்டின் நிழல்கள் ஒன்றாகிப்போனது அதனால்தான்.

இதை உறுதிசெய்ய, டீமக்ஸ் உள்ளே இருந்தபடி டீமக்ஸ் இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்து, அதன் வெளியீட்டில் 24 பிட் நிறத்தைக் குறிக்கும் டி.சி., ஆர்.ஜி.பி. ஆகிய இரு வரிகளிலும் என்ன இருக்கிறதென்று சொல்லுங்கள். கட்டளைகளை ஒலிப்பின்படி எழுதுகிறேன்; தட்டச்சிடும்போது ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

காரைதீவு மாணவி:
இரண்டு வரிகளிலும் மிஸ்ஸிங் (இல்லை) என்றே இருக்கிறது அண்ணா. டீமக்ஸுக்கு வெளியே முனையத்தின் வகையைச் சொல்லும் டேர்ம் மாறியின் மதிப்பு எக்ஸ்டேர்ம்-256கலர் என்று வருகிறது.

கல்லடி வாசி:
அப்படியானால் ஐயமில்லை. டீமக்ஸ் 24 பிட் நிறத்தை 2016 இல் வந்த 2.2 பதிப்பிலிருந்தே அறியும், உபுண்டு 22.04 இல் இருப்பது 3.2 வரிசைப் பதிப்பு. ஆகவே அதற்குச் சொல்லிவிடுவது மட்டுமே பாக்கி. உங்கள் வீட்டு அடைவிலுள்ள டீமக்ஸ் அமைப்புக் கோப்பில், டெர்மினல்-ஃபீச்சர்ஸ் என்ற விருப்பத்துடன் எக்ஸ்டேர்ம்-256கலர் என்ற பெயருக்கு ஆர்.ஜி.பி. என்ற தன்மையைச் சேர்க்கும் வரியை எழுதுங்கள். பெயருக்கும் தன்மைக்கும் இடையில் முக்காற்புள்ளி வர வேண்டும். பெயருக்கு முன்னால் காற்புள்ளியும் வேண்டும். செட் கட்டளையுடன் ஏ என்ற தெரிவையும் கொடுக்க மறக்க வேண்டாம்; அது இல்லாவிட்டால், இருக்கின்ற பட்டியலோடு சேராமல் பட்டியலையே அழித்து எழுதிவிடும்.

காரைதீவு மாணவி:
எழுதினேன். புதிய சாளரமும் திறந்து பார்த்தேன். நிறம் மாறவில்லை.

காத்தான்குடி நாநா:
டீமக்ஸ் உள்ளே புதிய சாளரம் திறப்பதால் பயனில்லை தங்கச்சி. அமைப்புக் கோப்பை டீமக்ஸ் சேவையகம் தொடங்கும்போது ஒரு தடவைதான் வாசிக்கும். வெளி முனையத்தின் தன்மையை நீங்கள் இணையும் நேரத்தில்தான் பார்க்கும். சோர்ஸ்-ஃபைல் கட்டளையால் கோப்பை மீண்டும் வாசிக்கவைத்து, அமர்விலிருந்து விலகி, மறுபடி இணையுங்கள். நானும் இதே இடத்தில் ஓர் இரவு முழுவதும் நின்றவன்.

காரைதீவு மாணவி:
விலகி இணைந்ததும் நிறம் முழுமையாக வந்துவிட்டது நாநா, மிக்க நன்றி. வி.எஸ். கோட்டிலும் நிறம் சரி. ஆனால் அங்கே கோடு இன்னும் இருக்கிறது.

காத்தான்குடி நாநா:
அந்த முனையத்தின் வரி உயரத்தை எப்போதாவது மாற்றினீர்களா?

காரைதீவு மாணவி:
ஆம், 1.4 என்று வைத்திருக்கிறேன். எனது இறுதியாண்டுச் செயற்றிட்டம் நெல் கொள்வனவுக் கணக்கைத் தமிழில் அச்சிடுகிறது. வரி உயரம் 1 ஆக இருந்தபோது "மூட்டை", "கூலி" போன்ற சொற்களில் கீழே இறங்கும் வளைவுகள் வெட்டுப்பட்டன. அதற்காகத்தான் கூட்டினேன். கணினி பழையது என்பதால் முனையத்தின் ஜி.பி.யு. (வரைகலைச் செயலி) முடுக்கத்தையும் நிறுத்தியிருக்கிறேன்.

காத்தான்குடி நாநா:
இரண்டும் சேர்ந்துதான் கோடு போடுகின்றன. வரி உயரத்தைக் கூட்டினால் கட்டம் உயரும். எழுத்துருவில் இருக்கின்ற பாதிக் கட்டக் குறியோ தனது பழைய உயரத்திலேயே நிற்கும். மீதி இடத்தில் பின்னணி நிறம் தெரிவதே நீங்கள் காணும் கோடு. இதைத் தவிர்ப்பதற்காக வி.எஸ். கோட் இத்தகைய குறிகளை எழுத்துருவிலிருந்து எடுக்காமல் தானே கட்டம் நிரம்ப வரையும். அதற்கான கஸ்டம் கிளிஃப்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே செயலில் இருக்கும். ஆனால் ஜி.பி.யு. முடுக்கத்தை நிறுத்தினால் அந்த வசதி வேலை செய்யாது. ஒரு படத்துக்காகத் தமிழின் காலை வெட்ட வேண்டாம். வரி உயரத்தை விட்டுவிட்டு முடுக்கத்தை மட்டும் திறந்து பாருங்கள்.

காரைதீவு மாணவி:
கோடு போய்விட்டது. இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும், இன்னுமொன்று. பல்கலைக்கழகச் சேவையகத்தில் கருவியை நிறுவ எனக்கு அனுமதி இல்லை. அதனால் பிக்காச்சுவின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து அங்கே ஏற்றி, அதை கேட் கட்டளையால் காட்டும் வரியை ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) தொடங்கும்போது ஓடுகின்ற எனது பாஷ்-ஆர்.சி. கோப்பில் சேர்த்தேன். உள்நுழைந்தால் படம் வருகிறது. ஆனால் நேற்றிலிருந்து எஸ்.எஃப்.டி.பி. வழியாகக் கோப்பு எதையும் அனுப்ப முடியவில்லை. வந்த செய்தி மிக நீளமானது என்று சொல்லி 1885956961 என்ற எண்ணையும் காட்டுகிறது. சேவையகத்தில் கோளாறா?

கல்லடி வாசி:
சேவையகத்தின்மேல் பிழையில்லை. அந்த எண்ணை நான்கு பைட்டுகளாகப் பிரித்தால் 112, 105, 107, 97 என்று வரும். அவை ஆங்கிலத்தில் பிக்காச்சு என்ற பெயரின் முதல் நான்கு எழுத்துகள்! இந்தக் கருவி படத்துக்கு முன்னால் பெயரை அச்சிடுகிறது. நீங்கள் சேமித்த கோப்பிலும் அதுவே முதல் வரி. எஸ்.எஃப்.டி.பி. இணைப்பின்போதும் உங்கள் பாஷ்-ஆர்.சி. ஓடுவதால், அந்தப் பெயர் அங்கேயும் அச்சாகிறது. எஸ்.எஃப்.டி.பி. தனக்கு வரும் முதல் நான்கு பைட்டுகளைச் செய்தியின் நீளமாக எடுத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் பிக்காச்சு ஏறக்குறைய 189 கோடி பைட்டுச் செய்தியாகத் தெரிந்திருக்கிறது. அந்த வரியைக் கோப்பில் எங்கே சேர்த்தீர்கள்?

காரைதீவு மாணவி:
ஆக மேலே, முதல் வரியாக.

கல்லடி வாசி:
உபுண்டுவின் பாஷ்-ஆர்.சி. கோப்புத் தொடக்கத்தில், ஷெல் ஊடாடு நிலையில் (ஆள் நேரடியாகக் கட்டளை தட்டும் நிலையில்) இல்லாவிட்டால் அங்கேயே திரும்பிவிடச் சொல்லும் சில வரிகள் இருக்கும். உங்கள் சேவையகத்திலும் இருந்தால் அவற்றுக்குக் கீழே, இயன்றால் கோப்பின் இறுதியில், உங்கள் வரியை வையுங்கள். இல்லாவிட்டால், டாலர் குறியும் ஹைஃபனும் சேர்ந்த மாறியில் ஐ என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகே படத்தைக் காட்டும்படி நிபந்தனை எழுதுங்கள்.

காரைதீவு மாணவி:
அந்த வரிகள் இருந்தன. படத்தை இறுதிக்கு மாற்றியதும் கோப்புகள் போகின்றன. இழையைத் தீர்ந்ததாகக் குறிக்கிறேன். வி.எஸ். கோட்டில் மட்டும் வரி உயரம் 1.4 என்பதால் பிக்காச்சு சற்று நெடுத்து, மெலிந்து தெரிகிறது.

காத்தான்குடி நாநா:
கட்டம் உயர்ந்தால் புள்ளியும் உயரும் தங்கச்சி, அதற்கு மருந்தில்லை. "மூட்டை" முழுதாகத் தெரிகிறதல்லவா, விடுங்கள்.